எங்கள் வைஃபைக்கு நான் வைத்த பெயர்

யாரோ எங்கள் நெட்டைத் திருடுகிறார்கள் என்று இன்று காலை வைஃபைக்குப் பாஸ்வேர்டு போட்டேன். அதோடு விட்டேனா? இந்தத் தீவில் எல்லோருக்கும் புரியட்டும் என்று அதன் பெயரையும் இந்தியில் ‘சோர் பாகோ’ என்று மாற்றினேன். திருடனே, ஓடு!

மதியம் பக்கத்து வீட்டு பெங்காலி ஆன்ட்டி போனோடு வந்தார்.

“பேட்டா, நேத்து வரைக்கும் நெட் தன்னால வந்துச்சு. இன்னிக்கு நை. மெயின்லேண்ட்ல இருக்கிற பையன் முகத்தை எப்படிப் பாக்கிறது?”

திரையைக் காட்டினார். “இந்த சோர் யாரு, பேட்டா?”

அப்போதுதான் அம்மா குடத்தோடு உள்ளே வந்தார். ஆன்ட்டி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். தினமும் கேட்காமல்தான் எடுக்கிறோம்.

“ரெண்டு நிமிஷம் ஆன்ட்டி” என்று அறைக்குள் ஓடி வந்துவிட்டேன்.

பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவேன். அதற்குமுன் அந்தப் பெயரை மாற்ற வேண்டும். நல்லதாக ஒன்று சொல்லுங்கள். சீக்கிரம், ஆன்ட்டி வாசலில் நிற்கிறார்.