செல்வராணி அக்கா கேட்ட கேள்வி

பிரிஞ்சாங் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது கவிதா கைப்பேசியில் அழைத்தாள். "மிஸி, அம்மா போயிட்டாங்க." மூன்று வாரமாகச் சிறுநீரகக் கோளாறோடு மருத்துவமனையில் கிடந்த செல்வராணி அக்கா இனி இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஆனால் பலருக்கு அவர், தடுப்பூசியால் கணவனைப் பறிகொடுத்தவர். அது அவர் தேடிக்கொண்ட பெயரல்ல.

பெருந்தொற்றின்போது தோட்ட கிளினிக்கில் தாதியாக, எல்லாருக்கும் 'மிஸி'யாக இருந்த நான், வீடுவீடாகப் போய் ஊசிக்கு அழைத்தேன். அக்காவின் கணவர் மாரிமுத்து தயங்கினார்; வற்புறுத்தினேன். இரண்டாவது ஊசி போட்ட ஒன்பதாம் நாள் மாரடைப்பில் இறந்தார். காரியம் முடிந்த மறுநாள் அக்கா வந்தார்.

"ஊசியாலயா மிஸி?"

"சம்பந்தமே இல்லக்கா."

நான் எந்த மருத்துவரையும் கேட்டிருக்கவில்லை. மற்றவர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்களோ என்றுதான் அப்படிச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு வெளியூர்க்காரர் இருவர் வந்து, ஊசிதான் கொன்றது என்று கைப்பேசி முன் பேசச் சொன்னார்கள். அக்கா அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "அவரு செத்தது தெரியும். எதனாலன்னு தெரியாது. தெரியாதத எப்படிலா சொல்றது?" இதைக் கேள்விப்பட்டபோது, தெரியாததைச் சொன்னவள் நான்தான் என்று உறைத்தது.

போன ஆண்டு கவிதாவுக்கு ஈப்போவில் மருத்துவமனை வேலை கிடைத்தது. சேருமுன் தடுப்பூசி போட வேண்டும். "அவ தயார்தான், எனக்குத்தான் மனசு வரல" என்று அக்கா வந்து உட்கார்ந்தார். எந்த மருத்துவரையும் கேட்காமல் சொன்னதை அன்றுதான் ஒப்புக்கொண்டேன். இருவரும் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய் மருத்துவரைப் பார்த்தோம். மாரிமுத்துவின் இதயக் குழாய்கள் முன்பே அடைத்திருந்தன, ஊசி காரணம் என்பதற்கு அடையாளம் ஏதுமில்லை என்று அவர் பதிவேட்டைக் காட்டி விளக்கினார்.

திரும்பும்போது பேருந்தில் அக்கா சொன்னார்: "இத அப்பவே கேட்டுச் சொல்லியிருந்தா, இத்தன வருஷம் உங்கள சந்தேகப்பட்டிருக்க மாட்டேன்லா."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மறுவாரம் கவிதாவைக் கிளினிக்குக்கு அவரே அழைத்துவந்தார். ஊசி ஏறும்வரை மகளின் கையை விடவில்லை.

சாவு வீட்டில் ஒருவர் என் காதருகே கேட்டார்: "இவங்க கிட்னியும் ஊசியாலதான் போச்சாமே?"

'இல்லை' என்ற சொல் நாக்குவரை வந்தது. "இனிப்புநீர் வியாதி ரொம்ப வருஷமா இருந்துச்சு, நான்தான் மருந்து கொடுத்தேன். மத்தத டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை போய்க் கேட்கப்போகிறேன்.

எளிதான பதில் வாயில் வரும்போதெல்லாம் இப்போது எனக்குப் பயம் வருகிறது. அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம்தான். அது என்னை விட்டுப் போய்விடக் கூடாது.