கதவு வைத்த கட்டில்

கப்பலேறி வந்து செந்தூல் ரயில் பட்டறையில் நான் மரவேலை செய்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது, வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை லைன் வீடு. நானும் என் மனைவியும், ஊரிலிருந்து வேலைக்கு வந்த என் தம்பிமார் இருவரும் அதில்தான் இருந்தோம். குழந்தை பிறந்த பிறகு, மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க அவளுக்கு ஒரு மூலை இல்லை. குழந்தை பசியில் கத்தும். தம்பிமார் எப்போது எழுந்து போவார்கள் என்று இவள் காத்திருப்பாள்.

ஞானஸ்நானம் முடிந்து வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க எங்கள் கோயில் சாமியார் வந்தார். பிரான்சு தேசத்தில் பிரெத்தாஞ் சீமைக்காரர். அறையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார்.

“எங்கள் கிராமத்து வீடும் ஒரே அறைதான். ஒரு பக்கம் நாங்கள், ஒரு பக்கம் மாடு. ஆனால் கட்டில் அலமாரி மாதிரி இருக்கும். உள்ளே ஏறிக் கதவைத் தள்ளி மூடினால் அது தனி வீடு. கதவில் சிலுவை வடிவில் துளைத்திருக்கும், அதன் வழியாகக் காற்று வரும்.”

ஆண்டவரே காட்டிய வழி என்று எனக்குப் பட்டது. பட்டறையில் கழித்த பலகைகளைக் கேட்டு வாங்கி, ஞாயிறு பூசை முடிந்ததும் உட்கார்ந்து அப்படியொரு கட்டில் செய்தேன். சிலுவையும் துளைத்தேன்.

“அண்ணே, அண்ணிய பொட்டியில போட்டு கப்பலேத்தப் போறியா?” என்றான் சின்னவன்.

“நீ சும்மா இருப்பா. எனக்குன்னு ஒரு கதவு கெடச்சிருக்கு,” என்றாள் அவள்.

உள்ளே போய்வந்தால் வேர்வையில் குளித்தவள் போல நனைந்திருப்பாள். ஆனாலும் குறை சொல்லவில்லை. பிறகு அடைமழை பிடித்தது. பலகை ஊறி உப்பி, ஒரு ஞாயிறு மத்தியானம் கதவு இறுகிக்கொண்டது.

“ஏங்க, தொறங்க! புள்ளைக்கு மூச்சு முட்டுது!”

மூவரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. பெரிய தம்பி கடப்பாரையால் பிளந்தான். குழந்தை சிவந்துபோய் வீறிட்டது. மாதாவே என்று நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாமியார் கேள்விப்பட்டு ஓடி வந்தார். “அங்கே குளிருக்காக வைத்த கதவு அது. எனக்கு இது தோன்றவில்லையே, அம்மா,” என்றார்.

அவள் சொன்னாள்: “கட்டில் வேணாம் சாமி. இவங்களுக்கு வேற எடம் பாக்கச் சொல்லுங்க.”

தம்பிமார் தலை குனிந்தார்கள். லைனில் காலி வீடு ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து குழந்தை அழுதால் தம்பிமார் எழுந்து வெளியே போய் நின்றார்கள். மழை பெய்தாலும் போனார்கள். அவர்கள் நனைகிறார்களே என்று இவள் அவசர அவசரமாகப் பால் கொடுத்தாள்.