பதினேழாம் தேதி மழை

கோதண்டராமனைப் பற்றி எழுதவேண்டுமானால் முதலில் ஓர் உலோக உருளையைப் பற்றி எழுதவேண்டும். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர்த் தாலுகா அலுவலகத்தின் பின்புறம், முள்கம்பி வேலிக்குள் நின்ற மழைமானி அது. அலுவலகத்தில் அவர் பியூன். தினமும் காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதுவார். ஞாயிறு, தீபாவளி, சொந்த மகள் கல்யாணம், எதற்கும் லீவு கிடையாது. இருபத்தொரு வருடத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை என்று பெருமை பேசுவார். நான் அங்கே டைப்பிஸ்ட். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

மழையை அளக்கிறவருக்கு மழை வருவதும் தெரியும் என்று ஊரில் ஒரு நினைப்பு. மிளகாய் காயப்போட, கூரை மாற்ற, பெண் பார்க்கப் போக, எல்லாவற்றுக்கும் அவரைக் கேட்பார்கள். பத்து மணிக்கு வராது என்பார். இரண்டு மணிக்கு வந்தாலும் வரும் என்பார். நாலு மணிக்குக் கொட்டித் தீர்க்கும்.

"கோதண்டராமன் வராதுன்ட்டாரா? அப்போ கொடைய எடுறா மச்சான்" என்று டீக்கடையில் அவர் காதுபடவே கிண்டல் செய்வார்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். பாடம் நடத்துவார்.

"காலைல மேக்கத்திக் காத்து அடிச்சிகினு கீது, மண்ணு கொதிக்குது. மத்தியானத்துக்கு மேல மாமல்லபுரத்தாண்டருந்து கடக்காத்து உள்ள வரும். ரெண்டும் எங்க முட்டிக்குதோ அங்க சூடு மேல ஏறி மேகம் கட்டி இடிச்சிப் பெய்யும். ஒருநாள் செங்கல்பட்டுல முட்டிக்கும், ஒருநாள் நம்ம தலைமேல. எங்கன்னு நான் இன்னாத்தக் கண்டேன்? ஐப்பசில கடல்ல தாழ்வு நிலை வந்தா ரேடியோவுலயே சொல்லிடுவான். இந்த சாயங்கால மழைதான் பேஜாரு."

1998இல் புரட்டாசி பிறந்த அன்று, செப்டம்பர் பதினேழு, அந்தப் பேஜார் எங்கள் தலைமேலேயே முட்டிக்கொண்டது. மாலை ஐந்து மணி. தாசில்தார் ஒரு ஃபைலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். தலைமை எழுத்தர் சைக்கிளை விட்டுவிட்டு நனைந்துகொண்டே நடந்தார். என் செருப்பு தெருத் தண்ணீரில் ஊறிப் பசை விட்டுப் போனது. அதே மழையில் மேட்டுத் தெருவில் மண்சுவர் சரிந்து வரதன் என்கிற கூலிக்காரன் செத்துப்போனான். மனைவி ரேணுகா, இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ரேணுகா நிவாரணத்துக்கு மனுக் கொடுத்தாள். மழையால் சுவர் இடிந்ததா என்று பார்க்க, அன்றைய மழையளவு கேட்டார்கள். பதிவேட்டைப் பார்த்து நான்தான் டைப் அடித்தேன். 17.9.98: 0.0 மி.மீ.

பதினேழு மாலை பெய்த மழையைப் பதினெட்டு காலை எட்டரைக்குத்தானே அளப்பார்? அறுபத்திரண்டு மில்லிமீட்டர், பதினெட்டாம் தேதிக்கு நேராக இருந்தது. அதுதான் விதி. கேட்டது பதினேழு, அடித்தது பதினேழு. செருப்பு பசைவிட்ட நாள் எது என்று நான் யோசிக்கவே இல்லை. மழையே பெய்யாத நாளில் சுவர் தானாக இடிந்தது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

கோதண்டராமன் எட்டரை மணிக் கணக்கை விளக்கி ஒரு கடிதம் எழுதித் தாசில்தாரிடம் நீட்டினார். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "உன் ரெஜிஸ்டர்ல பூஜ்யம்னு இருக்கு. நாளைக்கு ஆடிட்ல கேட்டா நீயா பதில் சொல்லுவே?"

ரேணுகா வராண்டாவில் காத்திருந்தாள். இந்த மனுஷர் அவளுக்கும் பாடம் நடத்தினார். எட்டரை முதல் எட்டரை வரைக்கும் ஒரு நாள், மழைக்கு அதுதான் தேதி என்று விரல் மடக்கிச் சொன்னார். அவள் முழுதும் கேட்டாள்.

"அப்போ எங்க வூட்டுக்காரரு மறுநாள் எட்டரைக்கு அப்பால செத்திருக்கணும். அதான அண்ணா சொல்ற?"

அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை கோதண்டராமன் பதிவேட்டைத் திறந்து, பதினெட்டுக்கு நேராக இருந்த அறுபத்திரண்டை அடித்து, பதினேழில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். கள்ளத்தனம் செய்து பழக்கமில்லாதவர், சிவப்பு மையில் செய்தார். பதிவேட்டின் நகல் ஏற்கெனவே சென்னை வானிலை அலுவலகத்துக்குப் போயிருந்தது. இரண்டும் பொருந்தவில்லை. ரேணுகாவின் மனு இரண்டாம் தடவையும் திரும்பியது, இந்தத் தடவை பதிவேடு நம்பத்தக்கதல்ல என்று. அரசு ஆவணத்தைத் திருத்தியதாகக் கோதண்டராமன் மேல் விசாரணை வந்தது.

விசாரணை அறையில் நாங்கள் நான்கு பேர். தாசில்தார், தலைமை எழுத்தர், கோதண்டராமன், வாக்குமூலத்தை டைப் அடிக்க நான்.

"பதினேழாம் தேதி சாயங்காலம் மழை பெஞ்சுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நனைஞ்சேன் சார்."

"ஆதாரம்?"

கோதண்டராமன் தாசில்தாரைப் பார்த்தார். பிறகு தலைமை எழுத்தரைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். தலைமை எழுத்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் வாய் இருந்தது. வேலையும் இருந்தது.

"ஆதாரம் ஏதுமில்லைன்னு போடுங்கம்மா" என்றார் தாசில்தார்.

ஆணி அடித்துத் தைத்த அதே செருப்புதான் அன்றைக்கும் என் காலில் இருந்தது. மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, பிழையில்லாமல் அடித்தேன்.