ஹெலன் வாங்கிய அறுப்பு மிஷின்

ஹெலன் சாந்தமானவள் என்று ஆம்பூரில் அவளைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். அவள் கத்தி செய்கிறவள் என்பது அந்த அபிப்பிராயத்தைக் கொஞ்சமும் அசைத்ததில்லை.

ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். அடுத்த அறை சாம்பிள் ரூம். அங்கே புது மாடலுக்கான தோலைக் கையால்தான் வெட்டுவார்கள். ஒவ்வொருவரும் தன் கத்தியைத் தானே தீட்டிக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். பாதிப் பேருக்கு அது வராது என்பதும் வழக்கம்தான். ஹெலன் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்குத் தீட்டிக் கொடுத்தாள். பிறகு வீட்டிலேயே புதுக் கத்தி செய்து கொடுத்தாள். அதைப் பிடித்தவர்கள் வேறு கத்தியைத் தொடவில்லை.

லைன் சூப்பர்வைசர் பூவரசனுக்கு இது பொறுக்கவில்லை. அவளைவிடச் சின்னவன். ஒருநாள் தையல் கொஞ்சம் கோணிப்போனதற்கு, மொத்த லைனும் கேட்க, கண்ணெல்லாம் கத்தியில் இருந்தால் ஊசி எங்கே தெரியும் என்றான். ஹெலன் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள். அவன் குரலை உயர்த்தவில்லை.

"போய்ட்டு வாங்க. ஆனா திரும்பி வந்தா மிஷின் கிடையாது. நூல் வெட்ற ஹெல்பர் வேலைதான்."

சாந்தமானவளின் மனதில் அந்த வார்த்தை அரம் போலப் போய்வந்துகொண்டே இருந்தது.

வழி இல்லாமல் இல்லை. சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொள்ளும் சீனிவாசன் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். எல்லாக் கத்தியும் ஒரே அளவில், ஒரே வடிவத்தில் இருந்தால் மாதாமாதம் அவளிடமே வாங்கிக்கொள்வதாகவும், மாதக் கடைசிக்குள் ஒரு முழு செட் கொண்டுவந்து காட்டும்படியும் சொன்னார். ஹேக்சா பிளேடை வைத்துக் கையால் அறுத்தால் ஒன்று மாதிரி ஒன்று வராது. அதனால் ஹெலன் பி.எஃப். பணத்தைப் போட்டு, வாணியம்பாடியில் பழைய மிஷின் விற்கும் முஜாஹித்திடம் இரும்பு அறுக்கும் பேண்ட்சா ஒன்றை வாங்கினாள். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த பட்டை.

இங்கேதான் அவள் கணவன் ஜோசுவா வருகிறான். வாணியம்பாடி டேனரியில் அவன் ஸ்ப்ளிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். தடிமனான தோலை இரண்டு அடுக்காகப் பிளக்கிற வேலை. அந்த மிஷினிலும் இரண்டு சக்கரம், நடுவே ஒரு பட்டை. பல் இல்லாத கத்திப் பட்டை, அவ்வளவுதான். காற்றாய்ப் பறக்கும். ஓட ஓடவே அடியிலிருக்கும் கல் அதைத் தீட்டிக்கொண்டிருக்கும். தேய்ந்துபோன பட்டையை முதலாளியிடம் கேட்டு ஜோசுவா வீட்டுக்குக் கொண்டுவருவான். ஹெலன் அதைப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டு இளக்கி, அறுத்து, வடிவம் எடுத்து, மறுபடி காய்ச்சித் தோய்த்து உரமேற்றுவாள். அவள் கத்திக்கு எஃகு அவன் கையால்தான் வர வேண்டும்.

முஜாஹித் தானே வந்து மிஷினைப் பொருத்தித் தருவதாகச் சொன்னார். ஜோசுவா ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டு சக்கரத்துக்கு நடுவே பட்டை ஓட்டுவதுதான் தன் பிழைப்பே என்றும், இதற்கு வெளியாள் வந்தால் டேனரியில் எவனும் தன்னை மதிக்கமாட்டான் என்றும் சொல்லிவிட்டான். முஜாஹித் அவனை விட்டுவிட்டு ஹெலனிடம் பேசினார்.

"தோல் பிளக்கிற மிஷின் இல்லமா இது. இரும்புக்கு மெதுவா ஓடணும். மோட்டார் பெல்ட்ட பெரிய புல்லியிலதான் போடணும், பாத்துக்க."

ஜோசுவா பொருத்தியதைக் குறை சொல்ல முடியாது. ரசமட்டம் வைத்துப் பார்த்தான். போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கினான். சக்கரங்களை ஒரே நேர்கோட்டில் நிறுத்தினான். பட்டை துளி ஆடாமல் ஓடியது. பெல்ட்டை மட்டும் வேகமாக ஓடட்டும் என்று சின்னப் புல்லியில் போட்டான். ஹெலன் சொல்லிப் பார்த்தாள். மெதுவாக ஓடினால் பட்டை இழுக்குமே தவிர அறுக்காது என்றான். டேனரியில் அது உண்மை.

இளக்கிய முதல் எஃகுத் தகட்டை வைத்ததும் மிஷின் கிறீச்சிட்டது. புகை வந்தது. தகட்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. அதற்குமேல் பட்டை உள்ளே இறங்கவில்லை. ஜோசுவா கலங்கவே இல்லை. தினமும் பார்க்கிற கோளாறுதானே.

"முனை மழுங்கிட்டுது. அவ்ளோதான், தீட்டிர்லாம்."

ஹெலனுக்குப் புரிவதற்குள் அவன் சாணைக்கல்லைக் கையில் எடுத்துவிட்டான். "இன்னாங்க, அது பல்லுங்க" என்றாள். கல் அதற்குள் ஓடுகிற பட்டையின் விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டது. பொறி பறந்தது. டேனரியில் அவன் முகத்தில் எப்படி ஒரு நிம்மதி இருக்குமோ, அதே நிம்மதி இங்கேயும். மிஷினை நிறுத்தியபோது பட்டையில் ஒரு பல் இல்லை. விளிம்பு முழுக்க வழவழவென்று மின்னியது. அதை ஈரத்தோலில் ஓட்டியிருந்தால் அருமையாகப் பிளந்திருக்கும்.

அந்த அளவுக்குப் பட்டை சென்னையில் வெட்டி, ஒட்டித்தான் வர வேண்டும் என்றும், மாதக் கடைசிக்குள் வராது என்றும் முஜாஹித் சொன்னார். ஹெலன் பழைய ஹேக்சாவை எடுத்தாள். ஜோசுவா தகட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம்.

சீனிவாசன் கத்திகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றால் தோல் துண்டை வெட்டியும் பார்த்தார்.

"வெட்டு பிரமாதம்மா. ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லியே. வெளியிலதான் வாங்கிக்கணும்."

வெளியே வந்த ஹெலன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தையல் லைனுக்குப் போனாள். பூவரசன் நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக் கொடுத்தான். வாயைத் திறக்கவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் அவளால் திரும்பிப் போயிருக்க முடியும்.

புதுப் பட்டை வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து ஜோசுவா வீடு திரும்புமுன் ஹெலன் பெல்ட்டைக் கழற்றிப் பெரிய புல்லியில் மாட்டினாள். பட்டை சோம்பலாகச் சுற்றியது. தகட்டை வைத்தாள். பென்சில் கோட்டைத் தாண்டாமல் அறுத்துக்கொண்டே போயிற்று. வரிசையாக அறுத்து அடுக்கினாள். எல்லாம் ஒரே அளவு.

ஜோசுவா பக்கத்து வீட்டுக் கன்னியப்பனோடு உள்ளே வந்தான். சத்தத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"பாத்தியா கன்னியப்பா? நம்ம கையால செட் பண்ணது." பிறகு அவளிடம், "இன்னா, நல்லா அறுக்குதா?"

பெண்சாதிக்காக மிஷினே போட்டுக் கொடுக்கிற புருஷன் இந்தத் தெருவில் யார் இருக்கிறான் என்று கன்னியப்பன் வியந்தான். சுவரோரம் தேய்ந்த கத்திப் பட்டை ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. ஹெலன் அதைப் பார்த்தாள். இனி எஃகு வேண்டுமானால் ஜோசுவா டேனரியிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு.

"அறுக்குதுங்க. நீங்க செட் பண்ணதுதானே."

ஜோசுவா கன்னியப்பனை மிஷினுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், சக்கரத்தை எப்படி நேராக நிறுத்தினான் என்று விளக்க ஆரம்பித்தான். அறுத்த தகடுகளை ஹெலன் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். இந்தக் கத்திகளை இனி யார் வாங்குவார்கள் என்ற பேச்சை மூவரில் ஒருவரும் எடுக்கவில்லை.