சிவக்காத சாயம்

முதலாளியை முதலில் அடித்தது அந்தப் புசல்லாவைக்காரர் இல்லை, நான்தான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் லேப்பில், புதுச் சாயப் போத்தல் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. காசநோய்க் கிருமி நிச்சயமாக இருக்கிற சளி சிலைட் ஒன்றை முதலில் அதில் போட்டுப் பார்ப்போம். கிருமி சிவப்பாகத் தெரிந்தால்தான் அந்தச் சாயத்தைப் பாவிப்போம். எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்த நாட்களில் முதலாளி எங்கேயோ ஒரு போத்தல் வாங்கி வந்தார். தரச் சான்றும் இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை. அமிலத்தில் கழுவியதும், கிருமியில் நிற்க வேண்டிய சிவப்பும் முழுவதும் போய்விட்டது. பாவிக்கக் கூடாது என்று போத்தலில் எழுதி ஒட்டிவிட்டு, லீவில் யாழ்ப்பாணம் போனேன்.

திரும்பி வந்தபோது போத்தல் பாதியாக இருந்தது. கேட்டதற்கு முதலாளி, வருகிற சனத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா என்றார். நான் வைத்துப் பார்த்த சிலைட்தான் பழசு, சாயத்தில் பிழையில்லை என்றும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று காலைதான் புசல்லாவைக்காரர் வந்தார். தேயிலைக் கொழுந்து எடுக்கிற மனைவிக்குக் கிருமி இல்லை என்று நான் இல்லாத நாட்களில் கொடுத்த ரிப்போர்ட் அவர் கையில் இருந்தது. இப்போது அவள் இரத்தமாகத் துப்புகிறாளாம். அவர் கொண்டுவந்த அவளுடைய புதுச் சளியை, முந்தின நல்ல போத்தலின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த சாயத்தில் போட்டுப் பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் சிவப்புக் கிருமி.

எழும்பிப் போய் முதலாளியின் வாயில் குத்தினேன். அவருடைய பல் என் விரலைக் கிழித்தது. கதிரையோடு விழுந்தார். விஷயத்தைச் சொன்னதும் புசல்லாவைக்காரர் அவர் நெஞ்சில் மிதித்தார், போத்தலைத் தூக்கிச் சுவரில் அடித்தார். கிருமியில் பிடிக்காத சாயம் எங்கள் மூவரின் சேட்டிலும் நன்றாகவே பிடித்தது. உடைந்த கண்ணாடியோடு அவர் மறுபடி குனிந்தபோது, கொலையாகிவிடும் என்று பயந்து பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தேன்.

"மருந்து இருக்கு, சுகமாக்கலாம். இண்டைக்கே ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றேன்.

அவர் திமிறவில்லை.

"ஒன்னுமில்லன்னு எழுதிக் குடுத்தீங்களே சார். அத நம்பித்தான் தங்கச்சி வீட்டுல விட்டிருந்த புள்ளய கூட்டியாந்து அவ பக்கத்துல படுக்க வச்சேன். இப்ப அதுவும் இருமுது."

பிடித்திருந்த கையை விட்டேன்.