எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்கு லாரியில் காய்கறி லோடு அடித்தே என் வீட்டுக்காரரின் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. கழுத்தளவு வெந்நீரில் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் வலி மட்டுப்படும் என்றார் டாக்டர். கொடைக்கானலில் இழுத்து மூடிய ஒரு விடுதியிலிருந்து பழைய வெந்நீர்த் தொட்டி ஒன்று கிடைத்தது. ஹீட்டர், தண்ணீரைச் சுழற்றும் மோட்டார், உள்ளே ஒரு விளக்கு, பிடித்து இறங்க ஸ்டீல் கம்பி என்று சகல வசதியும் உண்டு. வடமதுரை ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் தகரக் கூரை போட்டு வைத்தோம். தெருவே வந்து பார்த்து, "பிரியாணி அண்டா கணக்கா இருக்கே" என்று கேலி செய்துவிட்டுப் போனது.

வயரிங் செய்தவர் ஊருக்குள் கடை வைத்திருக்கும் எலெக்ட்ரீசியன். பாய் என்றுதான் கூப்பிடுவோம். தொட்டிக்குப் பக்கத்தில் குழி தோண்டி, குழாயை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டு, ஹீட்டரையும் ஸ்டீல் கம்பியையும் ஒயரால் அதோடு இணைத்தார்.

"தெனம் ஒரு குடம் தண்ணி இதுல ஊத்திருங்கக்கா. மண்ணு காயக் கூடாது, அம்புட்டுத்தான்" என்றார். மெயின் பெட்டியில் ஒரு டிரிப்பரும் மாட்டினார். கரண்டு எங்காவது கசிந்தால் அது தானாக விழுந்து லைனை அணைத்துவிடுமாம்.

விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. ஹீட்டரைப் போட்டுப் பத்து நிமிடம் ஆகாது, 'டக்'. வீடே இருண்டுவிடும். மிக்ஸியில் சட்னி பாதியில் நிற்கும். இவர் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி திரும்பி நடப்பார். அந்த நடையைப் பார்க்கும்போதெல்லாம் டிரிப்பரைச் சுத்தியலால் அடித்து நொறுக்கத் தோன்றும் எனக்கு. பாய் வந்து ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். விளக்கை அணைத்தாலும் விழுந்தது, மோட்டாரை அணைத்தாலும் விழுந்தது. ஹீட்டரை அணைத்ததும் நின்றது.

"சூடேறுனதும் ஹீட்டருக்குள்ள இருக்குற காயிலு கசியுதுக்கா. புது காயிலுக்குச் சொல்லிருக்கேன், வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஹீட்டர் சுவிட்சத் தொடாதீங்க."

ஒரு வாரம் பத்து நாளாயிற்று. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. சித்திரை வெயிலில் போர்த் தண்ணீரும் இறங்கிவிட்டது. மனுஷருக்கே தட்டுப்பாடு, மண்ணுக்கு எதற்கு ஒரு குடம் என்று குழிக்கு ஊற்றுவதை நிறுத்தினேன். சில நாள் கழித்து, பார்த்துவிடுவோம் என்று ஹீட்டரைப் போட்டேன். பத்து நிமிடம் ஆனது, அரை மணி நேரம் ஆனது, டிரிப்பர் அசையவில்லை. தொட்டியிலிருந்து ஆவி கிளம்பியது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குழி ஈரமாக இருந்ததால்தான் விழுந்திருக்கிறது, காய்ந்ததும் நின்றுவிட்டது! பாய்க்கே எட்டாதது எனக்கு எட்டிவிட்டதே! இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னப்பிள்ளை போலச் சிரித்தபடி வந்தார். நான் சும்மா இருப்பேனா, பாய்க்குப் போனைப் போட்டேன்.

"என்ன பாய், ஒங்க காயில நீங்களே வச்சுக்கங்க. குழிக்குத் தண்ணி ஊத்துறத நிறுத்துனேன், டிரிப்பும் நின்னு போச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து பாய் கத்தினார். "அக்கா, அண்ணனத் தள்ளி நிக்கச் சொல்லுங்க! தண்ணியையும் தொட வேணாம், கம்பியையும் தொட வேணாம். செருப்பப் போட்டுக்கிட்டுப் போயி மெயின அணைங்க. இந்தா வாரேன்."

திரும்பிப் பார்த்தேன். கம்பியைப் பிடிக்க இவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

வந்த பாய் மெயினைப் போட்டு, டெஸ்டரைக் கம்பியில் வைத்தார். அதற்குள் இருந்த குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது.

"கசியிற கரண்டு ஈர மண்ணு வழியா எறங்கிரும்க்கா. எறங்குறதப் பாத்துத்தான் டிரிப்பர் விழுகும். மண்ணு காஞ்சிட்டா எறங்க வழியில்ல. கம்பியிலயே நிக்கும்."

"தொட்டாவாச்சும் விழுகாதா பாய்?"

"விழுகும். அந்த ஒதறல அண்ணன் முதுகு தாங்குமா? தண்ணிக்குள்ள சாஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க?"

பாய் மெயினை அணைத்துவிட்டு, அடுப்படியில் குடிக்கப் பிடித்து வைத்திருந்த குடத்தைத் தூக்கி வந்து குழியில் கவிழ்த்தார். மண் மடமடவென்று குடித்தது. செத்த நேரம் பொறுத்து மெயினைப் போட்டார்.

'டக்'.

இத்தனை நாள் நான் வைத சத்தம் அது. ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்காரரைத் தொட்டிக்குள் இறங்கவிடாமல் தடுத்த சத்தம். கொல்லையில் நாங்கள் மிதித்து நடக்கிற மண்ணுக்கும், சுவரில் இருக்கிற இத்தனூண்டு பெட்டிக்கும் நடுவில் இப்படி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்ததை நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. குழி அருகில் உட்கார்ந்து ஈரமண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தேன். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புது காயில் வந்து மாட்டியாகிவிட்டது. காலையில் குழிக்கு ஒரு குடம் ஊற்றிவிட்டுத்தான் எனக்குக் காப்பி. டிரிப்பரைச் சோதிக்க அதிலேயே ஒரு சின்னப் பொத்தான் இருப்பதைப் பாய் காட்டிக்கொடுத்தார். மாதம் ஒருமுறை அழுத்தினால் போதுமாம். நான் தினமும் அழுத்துகிறேன். 'டக்' என்று விழுந்து வீடு இருளும். அதைக் காதால் கேட்டுவிட்டு, சுவிட்சை மறுபடி தூக்கிவிட்டு, துண்டோடு காத்திருக்கிறவரைப் பார்த்து, "ம், எறங்குங்க" என்பேன்.