டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு கசிவு

துவாரத்துக்கு நேரே உள்ளங்கையை வைத்தபோது வந்தது சுடுகாற்று. ஏதோ பிழையாக அழுத்திவிட்டேன் என்று நினைத்து ஏசி பொத்தானை அணைத்துத் திரும்பவும் போட்டேன். என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காற்றும் வேகமாகத்தான் வந்தது. ஆனால் வெளியே வீசிய கச்சான் காற்றைவிட அது கொதிப்பாக இருந்தது. பின்சீற்றில் என் மகன் ஈரச் சாரனைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். "உம்மா, குளிர் வரல்ல" என்றான். முகம் சிவந்துபோயிருந்தது. அந்த முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை.

அவனுக்கு வியர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் இல்லாமல் பிறந்த பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோது காரணம் தெரியாத காய்ச்சல் அடிக்கடி வந்தது. கண்டியில் ஒரு தோல் வைத்தியர்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். இதற்கு மருந்து கிடையாது, உடம்பைச் சூடாக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கல்முனைக் கரையில் இருந்துகொண்டு அதை எப்படிச் செய்வது? வருட நடுவில் கச்சான் எழும்பினால் பகல் முழுவதும் அடுப்புக்குள் இருப்பது போலத்தான் இருக்கும். வீட்டில் ஒரு அறைக்கு ஏசி போட்டோம். பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. கரண்ட் போனதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்ற பழைய காருக்குள் ஓடுவேன். கதவுகளை மூடி, என்ஜினைப் போட்டு, கரண்ட் வரும்வரை உள்ளேயே இருப்போம். அவன் எழுத்துப் பழகியதும் சோறு தின்றதும் அந்தப் பின்சீற்றில்தான். ஊரில் எல்லோரும் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில், ஓடாமல் நிற்கும் ஒரு காருக்கு நான் பெற்றோல் தேடி அலைந்தேன்.

அந்தக் காரும் கைவிட்ட அன்று எனக்கு ஞாபகத்துக்கு வந்தது ஒரேயொரு ஆள். ராத்தாவின், அதாவது என் அக்காவின், கணவர். மச்சான் என்று நான் கூப்பிடுவேன், மச்சி என்று அவர் கூப்பிடுவார். அவர் மவுத்தாகி, அடக்கம் செய்து, இப்போது இரண்டு நோன்புக் காலம் கடந்துவிட்டது. எங்கள் ஊர் வழக்கப்படி ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடும் எனக்குக் கொடுத்த வீடும் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனாலும் மச்சான் எங்கள் பக்கம் வந்து வருடங்களாகியிருந்தன. அவரும் என் கணவரும் கட்டாரில் ஒன்றாக வாகன ஏசி வேலை பழகியவர்கள். திரும்பி வந்து பிரதான வீதியில் ஒன்றாகக் கராஜ் போட்டார்கள். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவருடைய வேனில் கம்ப்ரசர் இறுகிப்போனது. யார் செய்த வேலை பிழைத்தது என்று, வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். அன்றோடு முறிந்தது. என் கணவர் மீண்டும் கட்டாருக்குப் போய்விட்டார். போகும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "என்ட காருல அந்தாள்ட கை படக்கூடாது."

கை படாமல் என் பிள்ளை எப்படிப் பிழைப்பான்? வேலியைத் தாண்டி ஓடினேன். மச்சான் உச்சிப் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். காருக்கு வந்ததும், "புள்ளய முதல்ல வெளிய எடு மச்சி. கார மறுகா பாப்பம்" என்றார். ராத்தா கிணற்றடியில் வைத்து அவன் தலையில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, இவர் பொனெற்றைத் திறந்து இரண்டு குழாய்களை இரண்டு கைகளாலும் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு குழாய் சுட வேண்டும், மற்றது குளிர வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. அமுக்கம் பார்க்கும் கருவியைப் பொருத்தினார். ஊசி இரண்டும் கீழே கிடந்தன. "காஸ் இல்ல. எங்கயோ லீக்காகுது" என்றார்.

சவர்க்கார நுரையைக் குழாய் மூட்டுகளில் பூசினார். ஓரிடத்தில் குமிழி வந்தது. அந்த இடத்து றப்பர் வளையத்தை மாற்றி, காஸ் நிரப்பிக் கொடுத்தார். குளிர் வந்தது. மகன் காருக்குள் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தான். நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். ஒரு கிழமை போகவில்லை, மறுபடியும் சுடுகாற்று.

இந்த முறை முன்பக்கத்துக் கொண்டன்சரில் பழியைப் போட்டார். "கடக்காத்து அரிச்சிரிக்கி. இதுதான். வேற ஒண்டுமில்ல" என்று அடித்துச் சொன்னார். உடைந்த கார் ஒன்றிலிருந்து கழற்றியெடுத்ததைக் கொண்டுவந்து பூட்டினார். அதற்கும் காஸ் நிரப்பினார். அப்போது இறக்குமதி நின்றிருந்த காலம். காஸ் சிலிண்டர் கிடைப்பதே பெரும்பாடு. அப்படி நிரப்பியதும் சில நாட்களில் கசிந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டது. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டு, "எனக்கு விளங்குதில்ல மச்சி" என்றார். அவர் எதிலும் சத்தமாகக் கதைக்கிற மனிதர். அந்தச் சொற்களை மட்டும் தரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். நெஞ்சுக்குள் இருந்த கடைசிப் பிடியும் நழுவியது போல இருந்தது எனக்கு.

ஆனால் அடுத்த நாள் காலையிலேயே வந்தார். கையில் ஒரு சிறிய குப்பியில் பச்சைச் சாயம். காஸோடு இதையும் விட்டால் கசியும் இடத்தில் சாயம் தெரியும் என்று சொல்லி, இரண்டையும் விட்டு ஏசியை ஓடவிட்டார். ஊதா வெளிச்சம் வரும் ஒரு ரோச்சைப் பிடித்துக்கொண்டு என்ஜின் பக்கம் ஒரு இடம் விடாமல் தேடினார். எங்கும் பச்சை இல்லை. சலித்துப்போய்க் குந்தும்போதுதான் காருக்கு அடியில் கண் போனது. ஏசி ஓடும்போது ஒரு சிறு குழாயால் தண்ணீர் சொட்டுமே, அந்த ஈரத்தில் வெளிச்சம் பட்டதும் பச்சை மினுங்கியது. "யா அல்லாஹ்" என்று நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "உள்ளுக்கு. டேஷ்போட்டுக்குப் பின்னால. கூலிங் கொயில்தான் ஓட்ட. நான் வெளியால நிண்டு தேடிக்கிட்டு இரிக்கன்."

பிழை எங்கே என்று தெரிந்தது. ஆனால் நிலைமை அதைவிட மோசமானது. காற்றைக் குளிராக்கும் அந்தக் கொயிலை எடுக்க டேஷ்போர்ட் முழுவதையும் கழற்ற வேண்டும். கழற்றினார். ஸ்டியரிங், வயர்கள், பெட்டிகள் எல்லாம் பிரிந்து, காரின் முன்பக்கம் வயிறு கிழித்த மீன்போலக் கிடந்தது. வெளியே வந்த கொயிலில் ஒட்டுப்போட முடியாத அளவுக்கு அரிப்பு. புதிதாக வாங்க அம்பாறையிலும் இல்லை, மட்டக்களப்பிலும் இல்லை. கொழும்பில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கோல் எடுத்தார். இந்த மாடலுக்கு இல்லை என்ற பதில்தான் வந்தது.

அந்த நிலையில்தான் கச்சான் ஒருநாள் வெறிபிடித்தது போல வீசியது. காலையிலேயே கரண்ட் போனது. மகனுக்கு உடம்பு அனலாகி, கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. நான் கத்திய சத்தத்துக்கு மச்சான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்கும் ஆள் அனுப்பியிருந்தார். ஆனால் அவர் போனது கடற்கரைக்கு. மீன் பெட்டிகளுக்குப் போடும் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். சாரன் முழுக்க நனைந்து மீன் வாடை அடித்தது. ஐஸை உடைத்துப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டார். கழற்றி வைத்திருந்த காரின் காற்றாடியைத் தூக்கி வந்து, கார் பற்றரியில் வயரைக் கொடுத்து, ஐஸுக்குப் பின்னால் வைத்தார். குளிர்க்காற்று கட்டிலுக்கு வந்தது. ராத்தா குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினா. நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, இவனை எடுத்துக்கொள்ளாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கைகால் வெட்டியது நின்றது. வாகனம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சூட்டைக் குறைத்துக் கொண்டுவந்தது நல்லதாய்ப் போயிற்று என்றார் அங்கிருந்த டொக்டர்.

ஆஸ்பத்திரி வாட்டில் மகன் உறங்கிய பிறகு என் கணவருக்கு வீடியோ கோல் எடுத்தேன். நடந்ததெல்லாம் கேட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, "கொயில் அங்க இல்லாட்டி இங்க பழைய கார் உடைக்கிற யாட்டுல இரிக்கும். நான் தேடுறன்" என்றார். ஆனால் அந்த மாடலில் இரண்டு விதம் உண்டாம். குழாய் வரும் பக்கம் மாறும். எது என்று பார்த்த ஆள் மச்சான் ஒருவர்தான்.

மச்சான் வாட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீயே கேட்டுச் சொல்லு" என்றார். போனுக்குள் என் கணவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியாது. "எனக்கு பைப்பும் தெரியா, கொயிலும் தெரியா. என்ட புள்ள சாகப் பாத்தான். ரெண்டு பேரும் கதைங்க!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போனுக்குள் என் கணவரின் குரல், அண்ணனைக் கூப்பிடும் பழைய முறையிலேயே கேட்டது.

"காக்கா... பைப் எந்தப் பக்கம்?"

மச்சான் போனுக்குக் குனிந்தார். "வலப்பக்கம். ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு. மேல உள்ளது மெல்லிசு."

"வால்வு கொயிலோட சேந்ததா?"

"இல்ல தம்பி, தனி. அதையும் எடுத்துக்க. பழசப் போட ஏலா."

அவ்வளவுதான் கதைத்தார்கள். மன்னிப்பும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை.

கொயில், கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒருவரின் பெட்டியில், துவாய்களுக்கு நடுவே சுற்றப்பட்டு வந்து சேர்ந்தது. அதுவரை நாங்கள் ஐஸோடும் ஈரத் துணியோடும் காலம் தள்ளினோம். மச்சான் அதைப் பூட்டி முடித்ததும் காஸை உடனே திறக்கவில்லை. சிலிண்டரில் மிஞ்சியிருந்த காஸ் ஒரு தடவைக்குத்தான் காணும். இந்தக் கொயிலும் கசிந்தால் நிரப்ப வேறு இல்லை. அதனால் முதலில் குழாய்களுக்குள் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஊசி நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நகர்ந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வந்து மீண்டும் அதன் முன்னாலேயே உட்கார்ந்தார். ஊசி அசையவில்லை. அதற்குப் பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னும் கொஞ்சம் பாப்பம் மச்சி, இன்னும் கொஞ்சம்" என்றபடியே இருந்தார். வெயில் தாழ்ந்த பிறகுதான் காஸைத் திறந்துவிட்டார். குளிர் வந்தது. மகனை உள்ளே ஏற்றிவிட்டு, அவர் காருக்கு அடியில் குப்புறப் படுத்து, சொட்டும் தண்ணீரில் ஊதா வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார். வெறும் தண்ணீர். வெளியே வந்தபோது முகமெல்லாம் மண். அதைத் துடைக்கவும் இல்லாமல், பிள்ளையைப் போல அழுதார்.

அடுத்த கச்சானுக்கு என் கணவர் லீவில் வந்தார். சாமான்களை இறக்கியதும் வீட்டுக்குள் போகாமல் காரடிக்குத்தான் போனார். முன்சீற்றில் இருந்து என்ஜினைப் போட்டு, குனிந்து டேஷ்போர்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். மகன் வழக்கம்போலப் பின்சீற்றில் ஏறியிருந்தான். சத்தம் கேட்டு மச்சானும் வேலிப்பக்கமாக வந்து, திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரைப் பற்றித்தான் ஏதோ கேட்டார் என் கணவர். மச்சானும் காரைப் பற்றித்தான் பதில் சொன்னார்.

"பெரியப்பா, ஏறிக் கதவச் சாத்துங்க. குளிரெல்லாம் போகுது" என்றான் மகன்.

மச்சான் சுற்றிவந்து மற்றப் பக்கம் ஏறினார். கதவுகள் இரண்டும் மூடின. நான் வெளியே கச்சானில் நின்று கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய வாய் அசைவது தெரிந்தது. ஒரு கட்டத்தில் என் கணவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். மச்சானின் கை அவர் முதுகில் இருந்தது. உள்ளே என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மச்சான் இப்போது இல்லை. என் கணவரிடம் கேட்டால் சொல்லுவார். ஆனால் நான் இன்றுவரை கேட்கவில்லை.